அட்டையில் மிஞ்சிய நான்கு மாத்திரைகள்

2015 டிசம்பர் 5, சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்மணியைத் தேடி ஆள் அனுப்பினேன். ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டியிருந்த அவருடைய குடிசை மூன்று நாட்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. இரண்டு பிள்ளைகளோடு ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தங்கியிருக்கிறார் என்று பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி விசாரித்து வந்து சொன்னார். "உடனே வரச் சொல்லுங்க" என்றேன். அவர் உயிரோடு இருக்கிறாரா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று தெரிந்துகொள்வதற்காக நான் ஆள் அனுப்பவில்லை. என் வீட்டுக்குள் கணுக்கால் உயரத்துக்குச் சேறு கிடந்தது. அதை அள்ள ஆள் வேண்டியிருந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் என் தவறின் அளவு புரியாது. பொதுக் காப்பீட்டுத் துறையில் நட்டங்களை மதிப்பிடும் சர்வேயராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நின்றிருக்கிறேன். 2011 கடைசியில் தானே புயல் அடித்து ஓய்ந்த கடலூரில், வேரோடு சாய்ந்த பலா மரங்களுக்கு நடுவே நடந்திருக்கிறேன். பெரும் பேரிடர் ஒன்று முடிந்ததும் ஒரு குடும்பம் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதையும் நகர்த்துவதற்கு முன்னால் படம் எடு. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி எடு. நனைந்த வண்டியின் சாவியைத் தொடாதே. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் இன்ஜினே போய்விடும், அதற்கு இழப்பீடும் கிடைக்காது. கெட்டுப்போனதை சர்வேயர் பார்க்கும்வரை தூக்கி எறியாதே. அதே சமயம் நட்டம் கூடாமல் பார்த்துக்கொள். காப்பீடே இல்லாதவன் தன் பொருளை எப்படிக் காப்பாற்றப் பார்ப்பானோ அப்படி நடந்துகொள். இவ்வளவும் தெரிந்தவன்தான் அன்றைக்குச் செய்ததை இப்போது எழுதுகிறேன்.

அந்த நவம்பரில் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. ஏரிகள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. டிசம்பர் 1 செவ்வாய்க்கிழமை பகலெல்லாம் விடாமல் பெய்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேறிய தண்ணீர் அன்று இரவு விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. ஏரிக்குக் கீழே இருந்த ஓடைகளும் தாம்பரம் பக்கத்து வெள்ளமும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியது. யார் எப்போது திறந்தார்கள், ஏன் முன்பே திறக்கவில்லை என்று பிறகு ஊரெல்லாம் பேசியது. நானும் நிறையப் பேசினேன். மற்றவர்கள் செய்த தவறைப் பேசிக்கொண்டிருந்தவரை என் தவறை நினைக்காமல் இருக்க முடிந்தது.

எங்கள் வீடு தரைத்தளம். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று மணல் மூட்டை போட்டுக் காத்திருந்தோம். அது வந்தது குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக, கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டு. இரவு இரண்டரை மணி. அரை மணி நேரத்தில் முழங்கால், விடிவதற்குள் மார்பு. மனைவியும் மகனும் நானும் மாடிக்கு ஓடினோம். மாடியில் குடியிருந்தவர்கள் எங்களுக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. தெருவில் படகு வந்தது. ரொட்டிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. 3-ஆம் தேதி மாலையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

மாடி வீட்டுப் பெண் அப்போது ஹவுஸ் சர்ஜன். 4-ஆம் தேதி காலையில் நான் கீழே இறங்கக் கிளம்பியபோது தடுத்து நிறுத்தினாள். அவள் கையில் பத்து மாத்திரைகள் கொண்ட ஓர் அட்டை. டாக்ஸிசைக்ளின், 100 மில்லிகிராம். "எலிக்காய்ச்சல் வராம இருக்கறதுக்கு அங்கிள். ஆளுக்கு ரெண்டு. ஏதாவது சாப்பிட்டுட்டு, நெறைய தண்ணியோட. வீட்டுல சேத்துல எறங்குறவங்க எல்லாரும் போட்டுக்கணும். சேத்துலயே வேலை பார்க்கற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை." கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது, உங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாள். நாங்கள் மூவரும் பிஸ்கட் தின்றுவிட்டு ஆளுக்கு இரண்டு விழுங்கினோம். ஆறு போக அட்டையில் நான்கு மீதி. என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எலியும் மாடும் நாயும் பெய்யும் சிறுநீரில் அந்தக் கிருமி இருக்கும். வெள்ளம் வந்தால் வளைகளும் தொழுவங்களும் சாக்கடையும் ஒன்றாகிவிடும். நீரிலும் ஈரச் சேற்றிலும் கிருமி உயிரோடு கிடக்கும்; காலில் இருக்கும் சின்னக் கீறல் போதும், கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும், உள்ளே போய்விடும். காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதனால்தான் ஆபத்து. வீடெல்லாம் காய்ந்து, சுவரில் கோடு மட்டும் மிஞ்சி, வெள்ளத்தை எல்லாரும் மறந்த பிறகு வரும் காய்ச்சலை யாரும் வெள்ளத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. அந்தப் பெண் இதையெல்லாம் படிக்கட்டில் நின்றபடி எனக்குப் பொறுமையாக விளக்கினாள். நான் தலையாட்டினேன்.

முதல் நாள் நான் செய்த சில காரியங்கள் சரியானவை. அவற்றையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். தெருவில் மின்சாரம் இல்லை என்றாலும் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் உள்ளே போகவில்லை. எங்கள் மீட்டர் பலகை வெளித் திண்ணையில் உயரத்தில் இருந்ததால் காய்ந்த இடத்தில் நின்றே அணைக்க முடிந்தது. தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொட்டிருக்கக் கூடாது. பலர் மறந்துபோகும் ஒன்று இன்வெர்ட்டர். தெரு முழுவதும் இருட்டாக இருந்தாலும் அதன் பேட்டரியில் மின்சாரம் இருக்கும், வீட்டு ஒயர்களில் ஓடும். அதைத் துண்டித்தேன். மிதந்துபோய்க் கவிழ்ந்து கிடந்த கேஸ் சிலிண்டரைத் திறந்த வெளிக்கு எடுத்து வந்து வைத்தேன். ஜன்னல் எல்லாம் திறந்து வாடை போகும்வரை யாரையும் தீக்குச்சி கிழிக்க விடவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொரு பிளக்காகப் பார்க்கும்வரை, பதினோரு நாட்கள், அந்த வீட்டில் ஸ்விட்சு போடவில்லை. தொட்டால் உயிர் போகும் என்று எனக்குத் தெரிந்த இடத்தில் எல்லாம் கவனமாகத்தான் இருந்தேன். என் உயிர் என்பதால்.

பிறகு படம் எடுத்தேன். நாள் முழுக்க எடுத்தேன்.

மறுநாள்தான் அவர் வந்தார். யாரோ கொடுத்த, அளவு பொருந்தாத ரவிக்கையும் பழைய புடவையும் கட்டியிருந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், "ஐயோ, இவ்ளோ சேறா சார்" என்றார். தன் வீடு போன கதையை அவராகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. என் மனைவி மட்டும், "பசங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள், "இருக்காங்கக்கா" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்தது. முறத்தையும் பக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தோம்.

அசோக் பில்லர் அருகே நடைபாதையில் ஒருவர் கம்பூட்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். முந்தைய நாள் மாலையே இரண்டு ஜோடி வாங்கியிருந்தேன், எனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. அவர் புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். மூன்று நாட்கள். சேற்றை முறத்தால் அள்ளிப் பக்கெட்டில் போட்டு வாசலில் கொட்டினார். அழுகிய மெத்தையை என் மகனோடு சேர்ந்து இழுத்துப் போட்டார். நான் கம்பூட்ஸ் அணிந்து, கையுறை போட்டுக்கொண்டு, பொருட்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தேன்.

குளியலறையைச் சீக்கிரம் சுத்தம் செய்ய வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றச் சொன்னோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அவர் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து, முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நாங்கள் கொஞ்சம் பயந்தோம். "காத்து வாங்கிட்டு அப்புறம் பாரும்மா" என்றோம்.

இரண்டாம் நாள் ஷோகேஸ் கண்ணாடித் துண்டு ஒன்று அவர் குதிகாலைக் கிழித்தது. சேற்றுக்குள் கிடந்த துண்டு, கண்ணுக்குத் தெரிந்திருக்காது. மனைவி மஞ்சள் தூள் வைத்துக் கிழிந்த வேட்டியைச் சுற்றிவிட்டாள். "டி.டி. ஊசி போட்டுக்கோம்மா" என்று நான் சொன்னேன். எப்போது போவது? வேலையை நிறுத்திவிட்டுப் போ என்று சொல்லவில்லை, ஆட்டோவுக்குக் காசும் தரவில்லை. அவர் கட்டுப் போட்ட காலோடு மறுபடி சேற்றில் இறங்கினார். நான்கு மாத்திரைகள் என் சட்டைப் பையில் இருந்தன.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அன்று மதியம் வியர்வையைத் துடைக்கத் துண்டை எடுத்தபோது அந்த அட்டை கையில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் நமக்கு வேண்டும், கடைகள் எப்போது திறக்குமோ என்று நினைத்தேன். மறுபடி பையில் வைத்தேன். அவர் நாலடி தூரத்தில் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை, அரிசி. சமையல் மேடையில் இருந்த 25 கிலோ மூட்டையின் கீழ்ப்பாதி ஊறி உப்பியிருந்தது. மேல்பாதி பார்வைக்குக் காய்ந்திருந்தது. நாங்கள் அதைத் தொடுவதாக இல்லை. "மேல இருக்கறது நனையல, எடுத்துட்டுப் போ, பசங்களுக்கு ஆகும்" என்று அவரிடம் சொன்னவன் நான்தான். சாக்கடை கலந்த வெள்ளம் தொட்ட உணவில் காய்ந்த பாதி, நனைந்த பாதி என்று ஒன்று கிடையாது. ஈரம் மேலே ஏறும், பூஞ்சை ஏறும், சாக்குப் பையில் இருப்பது முழுவதும் குப்பைதான். மூடி கழலாத தகர டப்பாவைக் கழுவிப் பயன்படுத்தலாம், அவ்வளவே. இது எனக்கு நன்றாகவே தெரியும். வெள்ளம் புகுந்த கிடங்குகளில் நூற்றுக்கணக்கான அரிசி மூட்டைகளைப் பார்த்துவிட்டு, மனிதர் உண்ணத் தகாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் அரிசியை இரண்டு பைகளில் கட்டித் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். உதவி செய்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது.

15-ஆம் தேதி அவர் வரவில்லை. 16, 17. போன் அணைந்திருந்தது. அப்போதுதான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்திருந்தோம். நிவாரணப் பொருள் வாங்கப் போயிருப்பார், சொல்லிவிட்டாவது போகக் கூடாதா என்று நாங்கள் இருவரும் எரிச்சலாகப் பேசிக்கொண்டோம். 19-ஆம் தேதி அவருடைய மூத்த மகள் வந்தாள், பதின்மூன்று வயது இருக்கும். "அம்மாவுக்கு ஜுரம் சார். ஊசி போட்டும் நிக்கல. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. கெண்டைக்கால் வலிக்குதுன்னு அழுவுது." ஐந்நூறு ரூபாயை அவள் கையில் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். சிவந்த கண், கெண்டைக்கால் வலி. படிக்கட்டில் நின்று அந்த ஹவுஸ் சர்ஜன் பெண் சொன்ன அடையாளங்கள் அவைதான். கேட்ட அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு அந்தச் சிறுமியோடு நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

என் மனைவி சொல்லித்தான் மாடி வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்தது. இரவுப் பணி முடிந்து வந்தவள், பையைக்கூட வைக்காமல் எங்கள் வாசலுக்கு இறங்கி வந்தாள். "அங்கிள், அவங்க அந்த மாத்திரை போட்டாங்கல்ல?"

"தெரியலம்மா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சிறியது, ஒரே ஒரு சொல். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆட்டோ பிடித்து அவளே போய், அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தாள். அதற்குள் மஞ்சள் காமாலை தெரிய ஆரம்பித்துவிட்டது, சிறுநீரகம் தடுமாறியது. நான்கு முறை டயாலிசிஸ். 22 நாட்கள் அங்கே இருந்தார். பிழைத்தார். பிழைக்க வைத்தவர்கள் அரசு மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தப் பெண்ணும். நான் ஒருமுறை பழங்கள் வாங்கிக்கொண்டு போய், கட்டில் அருகே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

போகிக்கு வீடு ஒழித்தபோது துவைக்கப் போட்டிருந்த துணிகளோடு அந்த மாத்திரை அட்டையும் கிடைத்தது. நான்கும் அப்படியே இருந்தன. அடுத்த வாரத்துக்கு என்று வைத்ததை நாங்களும் விழுங்கவில்லை.

பிப்ரவரி நடுவில் அவர் மறுபடி வேலைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். வராத நாட்களுக்கு நான் சம்பளம் தரவில்லை. அதோடு, முந்தைய ஜூனில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வாங்கியிருந்த முன்பணத்தில் ஆயிரம் ரூபாயை அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன். குடிசை இழந்தவர்களுக்கு அரசு 10,000 ரூபாய் கொடுத்திருந்தது; வந்திருக்கும், சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000. அது எங்கள் வங்கிக் கணக்கிலும் ஏறியிருந்தது. அவர் ரூபாயை வாங்கி எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த ஆண்டு ஆற்றங்கரை வீடுகளை அகற்றியபோது அவர் குடும்பமும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டது. அத்தனை தூரத்திலிருந்து இங்கே வேலைக்கு வர முடியாது. நின்றுவிட்டார். எனக்கு, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நிம்மதியாக இருந்தது. தினமும் அந்தக் காலைப் பார்க்க வேண்டியதில்லை.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். அந்த மாதக் கடைசியில் செங்கன்னூர் பக்கம் வேலையாகப் போனேன். ஒரு வீட்டின் சேத மதிப்பீட்டுக்காக வாசலில் நின்றிருந்தபோது ஆஷா பணியாளர் ஒருவர் வந்தார். தோள் பையில் டாக்ஸிசைக்ளின் அட்டைகள். அந்த மாநில அரசு வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவிப் பலர் இறந்துகொண்டிருந்தார்கள், மற்றவர்களின் வீட்டைச் சுத்தம் செய்யப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். "இவிடெ எத்ர பேருண்டு?" என்று கேட்டார். வீட்டுக்காரர், வயதான மனிதர், விரல் விட்டு எண்ணினார். மனைவி, மகன், மருமகள். பிறகு திரும்பிப் பார்த்து, பின்கட்டில் சேறு வாரிக்கொண்டிருந்த இரண்டு வங்காளத்துப் பையன்களையும் எண்ணினார். கடைசியாக என்னைக் காட்டி, "சாரும் சேற்றில் நடக்கிறார், அவருக்கும்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். ஆஷா பணியாளர் ஏழு பேருக்கு எண்ணிக் கொடுத்தார். என் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளை வைத்தார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் திரும்பியதும் 2015-ஆம் ஆண்டுக் கோப்பைத் திறந்தேன், என் சொந்த வீட்டு நட்டத்துக்கு நானே தயாரித்த கோப்பு. 43 பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் வாங்கிய ஆண்டு, விலை, தேய்மானம், படம். பதினேழாவது படம் வாஷிங் மெஷின். பார்த்தேன். படத்தின் ஓரத்தில், சேற்றுக்குள், துணிக் கட்டுப் போட்ட ஒரு கால். நல்ல வெளிச்சத்தில் கவனமாக எடுத்த படம். கட்டில் ஊறியிருந்த இரத்தக் கறைகூடத் தெரிகிறது. நட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மூன்று ஆண்டுகளாக அது என் கோப்பிலேயே இருந்திருக்கிறது.

இப்போது எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முதல் வரியில் ஆட்களின் பெயர்களும் போன் எண்களும்: நாங்கள், இப்போது வேலைக்கு வரும் அம்மா, காவலாளி, எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர். மெயின் ஸ்விட்ச், இன்வெர்ட்டர், கேஸ் எல்லாம் அதற்குக் கீழேதான். சம்ப்பில் வெள்ளம் புகுந்துவிட்டால் மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றக் கூடாது, முதலில் இறைத்துக் காலி செய்து தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்து ஓர் இரவு விட்டு, அதையும் வெளியேற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம். கலங்கிய நீருக்கு அது போதாது, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே தீர வேண்டும். காய்ச்சல் வந்தால், வெள்ளம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தாலும், சேற்றில் இறங்கினோம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் வாசற்படி வரைதான் ஏறியது. தெருச் சேற்றை அள்ள வெளியூர்களிலிருந்து கூட்டி வரப்பட்ட பணியாளர்களில் சிலர் வெறுங்காலோடு நின்றார்கள். வீட்டில் இருந்த நான்கு ஜோடி கம்பூட்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன். அளவு இரண்டு பேருக்குத்தான் பொருந்தியது.

அந்தப் பெண்மணியைத் தேடி நான் பெரும்பாக்கத்துக்குப் போனது 2018 செப்டம்பரில். எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் இடம். லிப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாவது மாடி வரை ஏறி, மூச்சு வாங்கியபடி கதவைத் தட்டினேன். சோழிங்கநல்லூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ் கீப்பிங் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். "சார், நீங்களா" என்று பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

சொல்ல வந்ததை உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பாதியில் நின்றால் சொல்லாமலே வந்துவிடுவேன் என்ற பயம். பையில் நான்கு மாத்திரைகள் இருந்தன, தெரிந்தேதான் தரவில்லை, கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னேன், சம்பளத்தைப் பிடித்தேன், மன்னிக்க வேண்டும்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார். அந்த டாக்டர் பொண்ணு ஆஸ்பத்திரியிலேயே எங்கிட்ட சொல்லி அழுதுச்சு. அவங்களுக்குக் குடுத்தேனே, உங்களுக்குத் தரலயான்னு."

அப்படியென்றால் பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பி வந்தபோதும், நான் நீட்டிய குறைந்த சம்பளத்தை எண்ணி முடிந்துகொண்டபோதும், அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் என் வீட்டில் பாத்திரம் துலக்கியபோதும்.

"அந்த அரிசி..." என்று இழுத்தேன்.

"அத சமைக்கல சார். புள்ளைங்க இருக்குதுங்க, எப்படி சமைக்கிறது? போற வழியிலயே ஆத்துல கொட்டிட்டேன். பைய மட்டும் கழுவி வச்சிக்கிட்டேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"வேல வேணுமில்ல சார்."

பிடித்த ஆயிரத்தையும் தராத மாதங்களின் சம்பளத்தையும் ஓர் உறையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வாங்கி எண்ணினார், முன்பு எண்ணிய அதே மாதிரி, நிதானமாக. சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு டிவி பெட்டிக்குக் கீழே வைத்தார். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மூத்த மகள் உள்ளே இருந்து ஒரு சொம்பு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். நான் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த அவர், "காய்ச்சி ஆற வச்ச தண்ணிதான் சார், குடிங்க" என்றார்.